திரையை நம்பாதீர்கள், பைட்டைப் பாருங்கள்

இன்டர்வியூவில் ஒரு கேள்வி: "'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு?"

மூன்று என்பார் ஒருவர். த, மி, ழ். பள்ளிக்கூடக் கணக்கு, சரி. ஐந்து என்பார் பைத்தானில் ஓட்டிப் பார்த்தவர். அதுவும் சரி. பத்து என்பார் யுடிஎஃப்-16 தெரிந்தவர். பதினைந்து என்பார் யுடிஎஃப்-8 ஃபைலின் அளவைப் பார்த்தவர். நான்கும் சரியான விடைகள்தாம். வேலை மட்டும் ஐந்தாவது ஆளுக்குப் போகும். அவர் திருப்பிக் கேட்பார்: "எதை எண்ணச் சொல்கிறீர்கள், எழுத்தையா, குறியெண்ணையா, பைட்டையா?"

நான் ஆள் எடுக்கும்போது இந்தக் கேள்வியை விடுவதே இல்லை. ஃப்ரேம்வொர்க் பெயர்களைப் பத்துப் பன்னிரண்டு ஒப்பிப்பவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். காரணம் எளிது. எண்ணும் எழுத்தும் கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் கல்லூரியில் முதல் செமஸ்டரில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்து அதைத் தொட வைப்பது வேலைக்கு வந்தபின் வெடிக்கும் பிரச்சினைதான்.

உங்களுக்கான இடைவெளி அங்கேதான் இருக்கிறது. டெவலப்பர், டெஸ்டர், டேட்டா என்ட்ரி, அக்கவுண்ட்ஸ், எச்ஆர், பதிப்பகம், டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி. பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியாத இந்த ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்தால், சிக்கல் வரும்போது டீம் உங்கள் மேசைக்கு வரும். அப்ரைசலில் பேசுவதும் அதுதான்.

ஒன்பது படிகள். வரிசையாகப் போகலாம்.

1. மூன்று அடுக்கையும் பிரித்துப் பாருங்கள்

திரையில் தெரிவது உருவம். அதற்குக் கீழே ஓர் எண். அதற்கும் கீழே பைட்டுகள். இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பவர்தான் சிக்கிக்கொள்கிறார்.

1963-இல் முதல் வடிவம் கண்ட ஆஸ்கி தரத்தில் மொத்தம் 128 இடங்கள். பெரிய 'ஏ'-க்கு 65, சின்ன 'ஏ'-க்கு 97, இடைவெளிக்கு 32. ஆங்கிலத்துக்கு அது போதும். உலகத்துக்குப் போதாது. ஒவ்வொரு நாடும் நிறுவனமும் தனக்கென ஓர் அட்டவணை போட்டுக்கொண்டன. ஓர் ஊரில் எழுதிய ஃபைல் அடுத்த ஊரில் கிறுக்கலாகத் திறந்தது. 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கோர் எண் கொடுப்பது அதன் வேலை. அந்த எண்ணைத்தான் கோட் பாயிண்ட் என்கிறோம். தமிழில் குறியெண் என்று வைத்துக்கொள்வோம். தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 2944 முதல் 3071 வரை. 'க' 2965. புள்ளி 3021.

எண் கொடுத்தாயிற்று. அதை ஃபைலில் எப்படிப் பதிவது? இதற்குப் பெயர்தான் என்கோடிங். இன்று இணையத்தை ஆள்வது யுடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் வரைந்த திட்டம் அது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று, பெரும்பாலான எமோஜிக்கு நான்கு. பழைய ஆஸ்கி ஃபைல் எதுவும் உடையாது. ஜெயித்தது அதனால்தான்.

'தமிழ்' என்ற சொல்லை யுடிஎஃப்-8-இல் பிரித்தால் இப்படி இருக்கும்:
த: 224 174 164
ம: 224 174 174
இகரக் குறி: 224 174 191
ழ: 224 174 180
புள்ளி: 224 175 141

ஐந்து வரி, ஐந்து குறியெண். மூன்று மூன்றாகப் பதினைந்து பைட். யுடிஎஃப்-16-இல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆகப் பத்து. கண்ணுக்குத் தெரிவது மூன்றே எழுத்து. இந்தப் பட்டியலை ஒருமுறை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். பிறகு எந்த இன்டர்வியூவிலும் உளற மாட்டீர்கள்.

2. கட்டமா, கிறுக்கலா, கேள்விக்குறியா என்று பாருங்கள்

"தமிழ் உடையுது" என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். மருத்துவர் நாடி பிடிப்பதுபோல முதலில் அறிகுறியைப் பாருங்கள்.

வெறும் கட்டங்களாகத் தெரிகிறதா? டேட்டா பத்திரமாக இருக்கிறது. அந்த எழுத்துக்கான ஃபான்ட் அந்தக் கருவியில் இல்லை. ஃபான்ட் போட்டால் முடிந்தது.

கிறுக்கலாகத் தெரிகிறதா? தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் ® குறி, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? யுடிஎஃப்-8 ஃபைலை விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கத்திய அட்டவணையால் யாரோ படிக்கிறார்கள். அந்த அட்டவணையில் 224 என்பது சாய்கோட்டு 'ஏ', 174 என்பது ®, 149 என்பது •. நம்முடைய 'க' 224 174 149. ஆகவே ஒரு 'க' அங்கே மூன்று கிறுக்கலாக நிற்கிறது. ஜப்பானியர்கள் இதற்கு மொஜிபாகே என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சரியான என்கோடிங்கைத் தேர்ந்து மறுபடி திறந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் அதற்குள் யாரும் சேவ் செய்துவிடக் கூடாது. முதல் வேலையாக அதைத் தடுங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகளா? கெட்ட செய்தி. தமிழுக்கு இடமே இல்லாத என்கோடிங்கில் யாரோ சேமித்துவிட்டார்கள். எழுத்துகள் போய்விட்டன. அந்த ஃபைலில் மீட்க எதுவும் இல்லை. மூலப் பிரதியைத் தேடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் இரண்டாவது வேலையில், வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியல் ஒன்று எக்செல் ஃபைலில் தமிழில் வந்தது. சாஃப்ட்வேருக்குள் ஏற்ற வேண்டும், மாலைக்குள் முடிக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தேன், ஏற்றினேன், எக்செல் ஃபைல் இனி எதற்கு என்று அழித்தேன். மறுநாள் காலை எல்லாப் பெயர்களும் கேள்விக்குறி. சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று அதே பட்டியலில் இன்னொரு ஆப்ஷன் இருந்தது. நான் பார்க்கவில்லை. பெயர்களை மறுபடி திரட்ட இரண்டு நாள் போனது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: வந்த ஃபைலைத் தொடாதே, காப்பி எடுத்து அதில் வேலை செய். இந்த விதி உங்களுக்கும் இலவசம்.

3. கூட்டிக் கழிக்காத எண்ணை டெக்ஸ்டாக வையுங்கள்

எண் என்று எழுதியிருப்பதெல்லாம் எண் ஆகிவிடாது. போன் நம்பரை யாராவது கூட்டுவார்களா? ஆதார் எண்ணுக்கு யாராவது சராசரி போடுவார்களா? கணக்குப் போடப் பயன்படாத இலக்க வரிசை எல்லாமே டெக்ஸ்ட். இந்த ஒரு விதி தெரியாததால் வாரந்தோறும் எத்தனையோ ஆபீஸ்களில் டேட்டா நாசமாகிறது.

சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்கிறீர்கள். சென்னையின் 044 அங்கே 44 ஆகிவிடும். 12 இலக்க ஆதார் எண் 'இ பிளஸ் 11' என்று சுருங்கி நிற்கும். அதை அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால், சுருங்கியதுதான் ஃபைலில் ஏறும். 16 இலக்கக் கார்டு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகும், ஏனென்றால் எக்செல் காப்பது 15 இலக்கங்களைத்தான்.

சரியான வழி இது. டேட்டா மெனுவுக்குப் போய், டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து கொண்டுவரும் வசதியைத் திறங்கள். ஃபைல் ஒரிஜின் என்ற இடத்தில் 65001 என்று தொடங்கும் யுடிஎஃப்-8 வரியைத் தேர்ந்தெடுங்கள். போன், ஆதார், கணக்கு எண் உள்ள காலம்களை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். அதன்பிறகு லோட் கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

இது சின்ன விஷயம் என்று நினைத்தால் மரபணு விஞ்ஞானிகளைக் கேளுங்கள். மார்ச்1, செப்ட்1 என்ற பெயர்களில் மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிட்டது. மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். 2020-இல் வந்த வழிகாட்டுதலில் பெயரிடல் குழு அதைப் பதிவும் செய்தது. விஞ்ஞானிகளுக்கே இந்தப் பாடு. உங்கள் ஆபீஸில் இதைத் தடுக்கும் முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.

4. ஒரு குறி எவ்வளவு செலவு வைக்கும் என்று கணக்குப் போடுங்கள்

மார்க்கெட்டிங் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஓர் எஸ்எம்எஸ் என்பது 140 பைட். ஆங்கிலத்தை ஏழு பிட் வீதம் அடைத்தால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் வந்துவிட்டால் குறியெண்ணுக்கு 16 பிட். கொள்வது 70 மட்டும். அதுவும் எழுத்துக் கணக்கில்லை, குறியெண் கணக்கு. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஏழு.

செய்தி நீண்டால் துண்டுகளை ஒட்டுவதற்கான தகவலும் இடம் பிடிக்கும். துண்டுக்கு 67-தான் மிஞ்சும். ஆக 150 குறியெண் உள்ள தமிழ்ச் செய்தி மூன்று எஸ்எம்எஸ். அதே நீளத்து ஆங்கிலச் செய்தி ஒன்றுதான். ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினால் பில் மூன்று லட்சம் எஸ்எம்எஸ்ஸுக்கு வரும்.

இன்னொரு பொறி. செய்தி முழுக்க ஆங்கிலம், விலையில் மட்டும் ₹ குறி. அந்த ஒரு குறி போதும். அது பழைய ஏழு பிட் அட்டவணையில் இல்லாததால், பெரும்பாலும் முழுச் செய்தியும் 70 எல்லைக்கு இறங்கிவிடும். ஓர் எமோஜி போட்டாலும் இதே கதைதான்.

அதற்காகத் தமிழை விடச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் எந்த மொழியில் படிப்பாரோ அந்த மொழியில்தான் அனுப்ப வேண்டும். பட்ஜெட் போடும்போதே இந்தக் கணக்கை மேசையில் வையுங்கள். பில் வந்தபின் விளக்கம் சொல்பவரையும் பில் வருமுன் எச்சரிப்பவரையும் மேனேஜர் ஒரே தட்டில் வைப்பதில்லை.

5. டேட்டாபேஸில் இடம் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்

பெயருக்கு 30 இடம் என்று டிசைன் டாக்குமென்ட் சொல்கிறது. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நீங்கள் கேளுங்கள்: "30 எழுத்தா, 30 பைட்டா?"

'கிருஷ்ணமூர்த்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எட்டு எழுத்து. குறியெண் 15. யுடிஎஃப்-8-இல் 45 பைட். ஆரக்கிளில் வார்சார்2 என்று 30 போட்டால், வேறு எதுவும் சொல்லாதவரை அது 30 பைட். கிருஷ்ணமூர்த்தி உள்ளே போகமாட்டார், எரர் வரும். மைஎஸ்கியூஎல்லில் வார்சார் 30 என்றால் 30 குறியெண், அவர் தாராளமாக உட்காருவார். ஒரே எண், இரண்டு அர்த்தம்.

மைஎஸ்கியூஎல்லிலும் ஒரு பள்ளம் உண்டு. அங்கே யுடிஎஃப்8 என்ற பழைய பெயர் எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட்டைத்தான் ஏற்கும். தமிழ் மூன்று பைட் என்பதால் டெஸ்டிங்கில் எல்லாம் ஓகே. லைவுக்குப் போனபின் வாடிக்கையாளர் ஒருவர் ஃபீட்பேக்கில் எமோஜி போடுவார், நான்கு பைட், அங்கே அடி விழும். முழு யூனிகோடையும் கொள்ளும் வகையின் பெயர் யுடிஎஃப்8எம்பி4. 8.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. பழைய டேபிள்கள் பழைய வகையிலேயே கிடக்கும். போய்ப் பாருங்கள்.

டெஸ்டர்களுக்கு ஒரு ரெடிமேட் பட்டியல்: நீளமான தமிழ்ப் பெயர் ஒன்று, எமோஜி ஒன்று, ₹ குறி ஒன்று, பூஜ்யத்தில் தொடங்கும் எண் ஒன்று. எந்த ஃபார்ம் வந்தாலும் இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள். முதல் வாரத்திலேயே பக் பிடிப்பீர்கள்.

6. ஒரே மாதிரி தெரிவது ஒன்றேதான் என்று நம்பாதீர்கள்

'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்று, இது 2965, 3018. அல்லது க-வுக்குப் பின் எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக, இது 2965, 3014, 3006. திரையில் இரண்டுக்கும் இம்மி வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு. 'கொடுமுடி' என்று தேடினால் ஒரு வரி வரும், இன்னொரு வரி வராது. "டேட்டா இருக்குது, சர்ச்சில வரல" என்ற புகாரில் பாதி நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

மருந்தின் பெயர் நார்மலைசேஷன். என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். டேட்டா உள்ளே வரும் வாசலிலேயே இதைச் செய்யுங்கள்.

நார்மலைசேஷனுக்கும் அடங்காத இரட்டையர்களும் உண்டு. 'ஔ' ஓர் எழுத்து, குறியெண் 2964. பலர் 'ஒ' அடித்து 'ள' சேர்க்கிறார்கள். பார்வைக்கு அதேதான், உள்ளே வேறு சொல். தமிழ் எண் ௧-ம் எழுத்து 'க'-வும் அப்படித்தான். முன்னது 3047, பின்னது 2965. இவற்றைத் தனியாகப் பட்டியலிட்டுச் சோதிக்க வேண்டும்.

செக்யூரிட்டி துறைக்குப் போக ஆசைப்படுபவர்கள் இதை இன்னும் ஆழமாகப் படியுங்கள். ஆங்கிலச் சின்ன 'ஏ' 97. ரஷ்ய மொழியின் சிரிலிக் வரிசையில் அச்சு அசலாக அதேபோன்ற எழுத்து 1072. அதை வைத்து வங்கியின் பெயரைப் போலவே போலி முகவரி தயாரிக்கிறார்கள். கண் ஏமாறும். எண் ஏமாறாது.

7. எண்ணுக்கும் எல்லை உண்டு, தசமத்தில் ஓட்டை உண்டு

பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1 உடன் 0.2-ஐக் கூட்டுங்கள். 0.30000000000000004 என்று வரும். பக் இல்லை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 3 முடிவில்லாமல் ஓடுகிறதல்லவா? பத்தில் ஒரு பங்கு இரும எண்ணில் அப்படி ஓடும். எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய துணுக்கு சேர்ந்து சேர்ந்து பெரிதாகும்.

எவ்வளவு பெரிதாகும்? 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணி, 24 பிட்டுக்குள் கணக்கிட்டது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் 0.34 வினாடி பிசகியது. பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பத்தில் ஒரு பங்கு என்ற எண்ணைச் சரியாக எழுத முடியாததன் விலை அது. ஆகவே பணத்தை, இப்படி இருமத்தில் வெட்டிச் சேமிக்கும் ஃப்ளோட் வகையில் வைக்காதீர்கள். பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள், அல்லது டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். ஃபின்டெக் இன்டர்வியூவில் இந்த ஒரு வரி உங்களைத் தனியாகக் காட்டும்.

அடுத்தது எல்லை. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' வீடியோ அதைத் தாண்டியது, யூடியூப் கவுண்டரை 64 பிட்டுக்கு மாற்றியது. 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய சிஸ்டங்கள் 2038 ஜனவரி 19 அன்று அதே உச்சத்தைத் தொடும். 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலைச் சரிசெய்த ஒய்2கே வேலை இந்திய ஐடி துறைக்கு எவ்வளவு வாசல்களைத் திறந்தது என்பதை உங்கள் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். 2038-ஐ இப்போதே படித்துவைத்தால் நஷ்டமில்லை.

எண்ணை எழுதும் முறையிலும் நாடு தெரியும். நமக்கு 1,00,000. அமெரிக்கருக்கு 100,000. ஜெர்மானியர் கமாவைத் தசமப் புள்ளியாக எழுதுவார். 05/06 நமக்கு ஜூன் 5, அமெரிக்க கிளையண்டுக்கு மே 6. மெயிலிலும் ஃபைல் பெயரிலும் 2024-06-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதிப் பழகுங்கள். குழப்பமும் போகும், பெயர் வரிசையில் அடுக்கினால் தேதி வரிசையும் தானாக வரும்.

8. தமிழ் டேட்டா உங்கள் சொந்த மைதானம், அதில் ஆடுங்கள்

யூனிகோடுக்கு முன் தமிழ் எப்படி ஓடியது? ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்துவைத்த ஃபான்ட்களால். அப்படிப்பட்ட பாமினி ஃபான்ட்டில் 'அம்மா' என்று தெரிந்தால் ஃபைலுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதாவது 109, 107, 59, 107, 104. ஃபான்ட்டை எடுத்துவிட்டால் அம்மா இல்லை, ஆங்கிலக் குப்பைதான். ₹ குறியும் இதே பாதையில் வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த குறியை 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றது. யூனிகோடில் 8377 என்ற இடம் அக்டோபரில்தான் வந்தது. இடையில் ஒரு ஃபான்ட் அதைக் கீபோர்டின் இடது மேல் மூலைச் சாய்குறியின் இடத்தில் வரைந்து தந்தது. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் விலைக்கு முன்னால் வெறும் சாய்குறி நின்றது.

தமிழுக்கும் பல அட்டவணைகள் இருந்தன. டிஸ்கி ஒரு பக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, டேஸ்16-ஐ மாற்றுத் தரமாக வைத்தது. பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழைய ஃபான்ட்களில் அடித்த ஃபைல்கள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிழையில்லாமல் யூனிகோடுக்கு மாற்றத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. கன்வெர்ட்டர் எல்லோரிடமும் உண்டு. மாற்றியபின் ஒகரக் குறியும் 'ஔ'-வும் சரியாக வந்தனவா என்று பார்க்கத் தெரிந்தவர் சிலர்தான்.

அகர வரிசையும் அப்படியே. குறியெண் வரிசையில் 'ன' 2985, 'ப' 2986. ஆக வெறும் சார்ட் கொடுத்தால் 'ன' போய் 'ந'-வுக்கும் 'ப'-வுக்கும் நடுவே நிற்கும். புள்ளி வைத்த எழுத்து அகரமேறிய எழுத்துக்குப் பின்னால் போகும். தமிழ் நெடுங்கணக்கு அப்படியில்லை என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தமிழுக்கான கொலேஷனை, அதாவது வரிசை விதியைப் போட்டால்தான் வரிசை சரியாகும். வாக்காளர் பட்டியல், அகராதி, நூலக கேட்டலாக் என எதிலும் இது வேண்டும். பெங்களூரிலோ புனேயிலோ உட்கார்ந்து கோட் எழுதும் போட்டியாளருக்கு இது கண்ணில் படாது. உங்களுக்குப் படும். அந்தச் சாதகத்தைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள்.

9. தெரிந்ததைத் தெரியும்படி காட்டுங்கள்

திறமை மனதுக்குள் இருந்தால் சம்பளம் ஏறாது. முதலில் பக் ரிப்போர்ட்டில் காட்டுங்கள். "தமிழ் சரியா வரல" என்று எழுதுபவர் ஆயிரம் பேர். நீங்கள் இப்படி எழுதுங்கள்: "ஏற்றிய ஃபைல் யுடிஎஃப்-8. டேட்டாபேஸில் பைட்டுகள் 224 174 என்று சரியாக உள்ளன. ரிப்போர்ட் ஏற்றுமதியில் மட்டும் கேள்விக்குறி. ஏற்றுமதிப் படியில் என்கோடிங் குறிப்பிடப்படவில்லை என்று தெரிகிறது." மூன்று இடத்தில் பார்த்து, இரண்டை விலக்கி, ஒன்றைச் சுட்டியிருக்கிறீர்கள். டெவலப்பருக்கு அரை நாள் மிச்சம். உங்கள் பெயர் அவருக்கு மறக்காது.

ரெஸ்யூமேயில் 'எம்எஸ் ஆபீஸ் தெரியும்' என்ற வரியை எடுங்கள். 'பழைய ஃபான்ட் தமிழ் ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்த அனுபவம்' என்று எழுதுங்கள். ஆனால் செய்துவிட்டு எழுதுங்கள். ஒரு கேள்வியில் பொய் உடைந்துவிடும்.

டீமில் யாரையும் மட்டம் தட்டாதீர்கள். சிக்கலைத் தீர்த்தபின் அரைப் பக்கக் குறிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். அறிகுறி, காரணம், தீர்வு, அடுத்த முறை தவிர்க்கும் வழி. அந்தக் குறிப்பு ஒவ்வொரு முறை ஃபார்வர்டு ஆகும்போதும் உங்கள் பெயரும் சேர்ந்து போகும்.

இதற்கெல்லாம் கோர்ஸ் வேண்டாம், ஒரு வாரம் போதும். முதல் நாள் உங்கள் பெயரைக் குறியெண்ணாகவும் பைட்டாகவும் எழுதுங்கள். இரண்டாம் நாள் நோட்பேடில் ஒரு தமிழ் ஃபைலைத் திறந்து, கீழ் வரியில் தெரியும் என்கோடிங் பெயரைப் பார்த்து, வெவ்வேறு என்கோடிங்கில் சேமித்து என்ன ஆகிறது என்று கவனியுங்கள். மூன்றாம் நாள் எக்செலில் 65001 வழியைப் பழகுங்கள். நான்காம் நாள் 'கொ'-வை இரண்டு விதமாகத் தட்டி ஒப்பிடுங்கள். ஐந்தாம் நாள் 0.1, 0.2. ஆறாம் நாள் பாமினி ஃபைல் ஒன்றை மாற்றி வரி வரியாகச் சரிபாருங்கள். ஏழாம் நாள் இவை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் இன்டர்வியூ நோட்ஸ்.

அதன்பின் காத்திருங்கள். அதிக நாள் ஆகாது. பக்கத்து மேசையில் யாராவது தலையில் கை வைத்து, "தமிழ் உடையுதுப்பா" என்பார்கள். எழுந்து போங்கள். மவுஸைத் தொடுமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: "கட்டமா, கிறுக்கலா, கேள்விக்குறியா?"